சுவரைப் பார்த்த கண்

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பு விளக்கு
ஆறரைக்கு எரிந்து
எட்டு எண்ணுவதற்குள் அணைந்து
மறுபடி எரிந்துகொண்டிருந்தது.
இப்போது அது தங்கும் விடுதி.
"பிரெஞ்சுக்காரங்க ஏதோ சைகைன்னு நெனச்சு
பதிலுக்குக் கையாட்டுறாங்க"
என்றார் மேலாளர் நாச்சம்மை, போனில்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் என் கடை.
ஒளிக்கு அசைகிறவை எல்லாம்
ஒரே இழுப்பறையில், பழைய மாத்திரை டப்பாக்களில்.
பாலிடெக்னிக் பையன்கள் வந்து
"சென்சார் ஒண்ணு குடுங்கக்கா" என்பார்கள்,
கல்யாண வீட்டில் யாரையோ காட்டி
"சொந்தக்காரர்" என்பதுபோல.
எந்த வழியில் சொந்தம்?

எல்டிஆர்: நெற்றியில் புழு நெளிந்த கோடு.
வெளிச்சம் பட்டால் தடை தளர்ந்து வழி விடும்.
எந்தக் காலை எங்கே மாட்டினாலும் கோபமில்லை.
நம் கண்ணுக்குப் பிடித்த பச்சைதான் அதற்கும் பிடிக்கும்.
இருட்டை மட்டும் சட்டென்று நம்பாது,
பந்தி முடிந்த பிறகும்
இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர் மாதிரி
போன வெளிச்சத்தோடு கொஞ்ச நேரம் இருக்கும்.
விலை ஆறு ரூபாய்.

டயோடு வேறு சாதி.
மின்னழுத்தத்தைத் தலைகீழாய்க் கொடுத்து
கதவடைத்துக் காக்க வைக்க வேண்டும்.
தருவது மைக்ரோ ஆம்பியர்,
தொட்டுக்கொள்ளக் காணாது.
ஆனால் கணக்கு சுத்தம்.
வெளிச்சம் இரு மடங்கென்றால் அதுவும் இரு மடங்கு,
நொடிக்கு லட்சம் முறை கேட்டாலும் சலிக்காமல்.

டிரான்சிஸ்டர் அதே சங்கதியை
நூறு மடங்கு உரக்கச் சொல்லும்.
உரக்கச் சொல்வதால் டயோடை விட ஒரு மூச்சுப் பின்னால்,
கணக்கிலும் முன்னே பின்னே.
டிவி ரிமோட்டின் காணாத ஒளியையும்
இவை இரண்டும் பார்க்கும்.

போனேன். மந்தத்தின் மேல் பழியைப் போட்டேன்.
எல்டிஆரைக் கழற்றி டிரான்சிஸ்டரை வைத்தேன்.
மத்தியானம் விரலால் மூடிப் பார்த்தால்
டக், டக், என்ன சுறுசுறுப்பு.
நானூற்றைம்பது வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆறரைக்குப் போன்.
இந்த முறை நாச்சம்மை ஒன்றும் சொல்லவில்லை,
போனை ரிலே பக்கம் பிடித்தார்.
குளிரில் பல் கிட்டுகிற சத்தம்.

வண்டியை எடுத்துக்கொண்டு இருட்டில் போய்
ஏணி மேல் நின்றும் புரியவில்லை.
காவலுக்கு இருக்கும் ஆண்டிச்சாமி
கருநீலச் சீருடையில் குறுக்கே நடந்தார்.
விளக்கு நிதானமாக எரிந்தது.
அவர் கடந்து போனதும் மறுபடி நடுக்கம்.
"அங்கயே நில்லுங்கண்ணே."
நின்றார். எரிந்தது.
அவருக்குப் பின்னால்
முட்டைப் பூச்சுச் சுவர், பால் போல,
தொட்டால் விரல் வழுக்கும் வழவழப்பு.

விளக்கு எரிகிறது, சுவர் அதைத் திருப்பி அனுப்புகிறது,
விடிந்தது என்கிறது சென்சார்.
அணைகிறது. ராத்திரி என்கிறது.
இரண்டுமே பொய் சொல்லவில்லை.
ஒன்று மெதுவாக ஏமாந்தது,
மற்றது வேகமாக ஏமாந்தது.
பழி போட்டவள்
சுவரைப் பார்க்கவே இல்லை.

நாலு அங்குலக் கறுப்புக் குழாய் ஒன்றை வெட்டி
வளவின் சதுர வானத்தைப் பார்த்து மாட்டினேன்.
பள்ளத்தூர்ப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு மின்னலுக்கும் எழுந்து நிற்கிற ஆள்
அந்த இடத்துக்கு வேண்டாம்.
சட்டைப்பையிலிருந்து
பழைய எல்டிஆரையே எடுத்து வைத்தேன்.
நாச்சம்மை நீட்டிய பணத்தில் ஆறு ரூபாய் எடுத்தேன்.
"அது எங்களோடதுதானே?" என்றார்.
திருப்பிக் கொடுத்தேன்.

கடைக்கு வந்து ஷட்டரை இறக்கி
கழற்றிய டிரான்சிஸ்டருக்கு ஒன்பது வோல்ட் கொடுத்து
கறுப்பு டப்பாவால் மூடி, மீட்டரைப் பார்த்தேன்.
பூஜ்யம் வரவில்லை.
கடைசித் தசமத்தில் ஓர் எண் ஆடிக்கொண்டிருந்தது.
இருள் மின்னோட்டம் என்று அதற்குப் பெயர்.
எவ்வளவு மூடினாலும் கசியும்,
சூடு ஏற ஏறக் கூடும்.
மேசையைத் தொட்டுப் பார்த்தேன்.
பகல் இன்னும் அதில் இருந்தது.